வானத்துக்கு ஓர் அளவு

வாணவேடிக்கையை நன்றாகப் படம் பிடிப்பதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. இதனை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, மறு வாரமே புதிய கேமரா வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அசையாத முக்காலி வேண்டும். காற்று நம் முதுகுப்புறத்திலிருந்து வீச வேண்டும். எதிரேயிருந்து வீசினால் புகை முழுவதும் நம்மிடமே வந்து சேரும். தொடக்கத்தில் எழும் வாணங்களைத் தவறவிடலாகாது. பிறகு வருபவை பெரியனவாக இருக்கலாம். ஆனால் அவை தமக்கு முன்னே வெடித்தவற்றின் புகைக்குள்தான் வெடிக்கும்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, “நடந்தத அப்படியே எழுதுங்க சார், அவசரமில்ல” என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். தாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று அறிந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருப்பின் பொறுத்தருள்க. படிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்துவிட்டேன்.

என் பெயர் வாசு த/பெ தம்புசாமி. கேரித் தீவில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியைத் தொடங்கிக் கிள்ளானில் ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தில் ஒரு நாளும் பள்ளிக்குத் தாமதமாகச் சென்றதில்லை. ஒரு மாணவனையும் கோபத்தில் அடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எதனையும் ஆத்திரத்தில் செய்பவன் அல்லன் என்பதைத் தாங்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

ஓய்வுக்குப் பின்னர் நான் தொடங்கியதுதான் எங்கள் ஒளிப்படக் குழு. சனிக்கிழமை மாலைகளில் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். வீடு கட்டும் குத்தகையாளர் விமலன், தாதியாகப் பணியாற்றும் மலர்விழி, இன்னும் சிலர். அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தவற்றுள் மிகவும் பயனுள்ளவை இரண்டு வழக்கங்கள். வாணவேடிக்கையின்போது ஒருவர் டார்ச் விளக்கை அடித்தால் எல்லாருடைய படமும் கெட்டுவிடும். ஆகவே, வெள்ளை விளக்கு எவரும் எடுத்து வரலாகாது; சிறிய சிவப்பு விளக்கு ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளலாம், வாணம் எழத் தொடங்கியதும் அதனையும் அணைத்துவிட வேண்டும். இஃது ஒன்று. மற்றொன்று, மொட்டை மாடிகளில் நிற்கும்போது இருட்டில் ஒளிரும் பட்டையைத் தரையில் ஒட்டுதல். பச்சையாக மங்கலாக ஒளிரும் ஒட்டுப் பட்டை அது. இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். பொழுது சாய்வதற்குள் விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி அதனை ஒட்டிவிடுவேன். அதற்குப் பிறகு எவரும் தரையைப் பார்க்க வேண்டியதில்லை. கால் விரல் பட்டையைத் தொடும் வரை வரலாம். கண்கள் வானத்திலேயே இருக்கலாம்.

பட்டையை ஒட்டுவது எப்போதும் என் வேலை. மற்றவர்கள் ஒட்டினால் நேராக இருப்பதில்லை. “வாத்தியார் ஒட்டிட்டாரா? அப்பச் சரி” என்று விமலன் சொல்வார். அவ்வளவு நம்பிக்கை.

அழகிரி எங்கள் குழுவுக்குப் பிந்தி வந்தவர். காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியே இருந்தார். மகள் மாதவி செந்தூலில் இருக்கிறாள். கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வருவார். வரும்போதே வறுத்த கடலைக் கலவையான கச்சான் பூத்தே ஒரு பொட்டலம் கையில் இருக்கும். பெருத்த உடம்பு, பெருத்த குரல். முதல் நாளே என்னை “வாத்தியாரே” என்று அழைத்தார். மற்றவர்கள் நேரில் என்னை சார் என்றே அழைத்துவந்தனர்.

அவருக்குக் கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். தூரத்து விளக்கொன்றைப் பார்த்து லென்ஸைத் தெளிவாக்கி, பிறகு அது நகராமல் ஒட்டி வைக்கச் சொன்னேன். விசைக்கம்பியை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும், விரலை எடுத்தால்தான் மூடும் என்று விளக்கினேன். வாணம் கிளம்பும் ஒலி கேட்டதும் அழுத்தி, பூத்து உதிர்ந்து அணைந்த பிறகு விரலை எடுக்க வேண்டும். இடையில் முக்காலியைத் தொடக்கூடாது, பேசவும் கூடாது. எல்லாவற்றுக்கும் “ஓகே லா வாத்தியாரே” என்றார். ஒன்றையும் பின்பற்றவில்லை.

அவர் சேர்ந்த பிறகு வந்த புத்தாண்டு இரவில் குழுவினர் அனைவரும் கோலாலம்பூர் நடுவே உள்ள பூங்காவுக்குச் சென்றோம். என் மனைவி உஷாராணியும் வந்திருந்தாள். நான் பகலிலேயே ஒரு முறை போய் இடத்தைப் பார்த்து, காற்றின் திசையைக் கவனித்து வைத்திருந்தேன். அழகிரி கடைசி நிமிடத்தில் வந்தார். முக்காலியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். ஒரு கையில் வடை. குப்பைத் தொட்டியின் மூடிமேல் கேமராவை வைத்து, வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அழகிரி, வாணம் அந்தப் பக்கம்” என்றேன்.

“வானம் எங்கயும் ஓடிப் போவாது லா வாத்தியாரே. திரும்பிப் பாருங்க. ஷோ இங்கதான் நடக்குது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் சில நொடிகளில் தொடங்கவிருந்தது; தொடங்கிய பிறகும் ஒவ்வொரு வாணத்துக்கும் அதில் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் படங்கள் நன்றாகவே வந்தன. தெளிவு குறையாமல், புகை படியாமல், கோடுகள் உடையாமல் இருந்தன. குழுவில் எல்லாரும் பார்த்து, “நல்லாருக்கு சார்” என்றனர். பிறகு அழகிரி தம் படத்தைக் காட்டினார். ஒருவரும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை. படத்தை நோக்கி நாற்காலிகளை இழுத்துக்கொண்டனர்.

அது உஷாராணியின் முகம். வாணம் எதுவும் படத்தில் இல்லை. அதன் பொன்னிற ஒளி மட்டும் அவள் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்திருந்தது. தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, கண்களில் நீர் தேங்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை ஆண்டுகளும் ஒருவரை ஒருவர் மட்டுமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் பார்த்ததில்லை.

படத்தின் மூலையில், மங்கலாக, குனிந்த வழுக்கைத் தலை ஒன்றும் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலை.

“ஐயோ, சார் மணி பாக்குறாரு” என்று மலர்விழி சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தனர். அன்று என்னுடன் வந்திருந்த உஷாராணியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அழகிரி அதனைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கூடத்துச் சுவரில் அதுவரை நான் எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் இரவில் எடுத்தது, ஏழு வாணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விழுந்த படம். உஷாராணி அதனைக் கழற்றி விருந்தினர் அறையில் வைத்தாள். அந்த ஆணியிலேயே அழகிரியின் படத்தை மாட்டினாள்.

“அந்த இடத்துல வெளிச்சம் அதிகமா படும். படம் மங்கிப் போயிரும்” என்றேன்.

“மங்கட்டும். நான் கூடத்தான் மங்கிக்கிட்டு இருக்கேன்” என்றாள். “கழட்டுனீங்கன்னா அன்னைக்கிச் சமையல் கிடையாது, சொல்லிட்டேன்.”

இதனை அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் விளையாட்டுப் பேச்சு என்பது அதுவரை இருந்ததில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்த்தனர். முதலில் “ஆன்டி எவ்வளோ அழகு” என்பார்கள். அடுத்து மூலையில் இருக்கும் தலையைக் கண்டுபிடித்து என்னைப் பார்ப்பார்கள். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை நான் நன்கு அறிவேன். நாளடைவில் விருந்தினர் வந்தால் சமையலறையில் ஏதேனும் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவேன்.

அழகிரி அடிக்கடி வரத் தொடங்கினார். உஷாராணி அவரை அண்ணே என்றே அழைத்தாள். ஆகவே தாங்கள் நேற்று நாசூக்காகக் கேட்ட விதத்தில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அதற்கென்று வழிகள் இருக்கின்றன, சொற்கள் இருக்கின்றன. ஒருவர் தம் மனைவியின் முகத்தை வேறொருவர் முதலில் பார்த்துவிட்டார் என்று எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது?

நானும் முயன்றேன். தீபாவளிக் காலத்தில் கடைத்தெரு முழுவதும் விளக்கு போட்டிருந்தபோது அவளை அழைத்துச் சென்று, ஒளி சரியாக விழும் இடத்தில் நிறுத்தினேன். முகத்தைச் சற்று இடப்புறம் திருப்பச் சொன்னேன். முகவாயைத் தாழ்த்தச் சொன்னேன். சிரிக்கச் சொன்னேன்.

“என்னங்க, பாஸ்போர்ட்டுக்கா எடுக்குறீங்க?” என்றாள்.

படத்தில் ஒரு குறையும் இல்லை. கடவுச்சீட்டு அலுவலகத்தில் தயங்காமல் ஏற்றுக்கொள்வார்கள்.

அன்று இரவு அந்தப் படத்தையும் சுவரில் இருந்த படத்தையும் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அழகிரியின் படத்தில் தெளிவு குறைவு, இடப்புறம் சரிந்திருந்தது, முக்காலி இல்லாமல் குப்பைத் தொட்டியின்மேல் வைத்து எடுத்தால் அப்படித்தான் இருக்கும். மாணவன் ஒருவன் விடையைத் தவறான வழியில் கண்டுபிடித்தால் ஆசிரியர் மதிப்பெண் கொடுப்பதில்லை. ஆனால் விடை சரியாக இருக்கும்போது அந்தத் தாளை என்ன செய்வது என்று எவரும் எங்களுக்குக் கற்பித்ததில்லை.

எனவே, அதனினும் சிறந்த படம் ஒன்றை எடுப்பது என்று முடிவு செய்தேன். என் நோக்கம் அது மட்டுமே. தங்கள் அறிக்கையில் இதனை முதலில் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

என் படங்களில் என்ன இல்லை என்று சிந்தித்தேன். விடை எளியது. ஆள் இல்லை. வானம் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்குக் கீழே ஒரு சிறிய உருவம் நிற்க வேண்டும். வெற்று வானத்தில் வெடிக்கும் வாணம் ரோசாப் பூவின் அளவும் இருக்கலாம், மலையின் அளவும் இருக்கலாம். ஓர் ஆள் நின்றால்தான் அதற்கு அளவு கிடைக்கும்.

அந்தத் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கிள்ளான் ஆற்றங்கரைத் திடலில் வாணவேடிக்கை என்று அறிவித்திருந்தார்கள். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி, விமலன் நான்கு மாடிக் கடைவீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. சுற்றுச்சுவர் இன்னும் எழும்பவில்லை. கட்டடம் ‘ட’ என்னும் எழுத்தின் வடிவில் இருந்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையும் அதற்கு அப்பால் ஆற்றின்மேல் வானமும் தெரியும். இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. “விழுந்து கிழுந்து வச்சிராதீங்கப்பா, அப்பறம் என் லைசன்ஸ் போயிரும்” என்று சொல்லி விமலன் சாவியைக் கொடுத்தார்.

நான் வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்தேன். மறுமுனையில் தளம் முடியும் இடத்தில், கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகை ஒன்று இன்னும் கழற்றப்படாமல் வெளியே நீண்டிருந்தது. கீழே இருந்த தாங்குகட்டைகளை வேலையாட்கள் எடுத்துவிட்டிருந்தனர். பலகையின் மேற்பரப்பும் தளத்தின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே சிமெண்டுத் தூசு. காலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். என் பாதத்தின் எடையை அது தாங்கியது. அதற்கு மேல் சோதிக்கவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அனைவரும் மேலே ஏறிவிட்டோம். எங்கள் முனையில் நான் பட்டையை விளிம்பிலிருந்து வழக்கமான தூரம் தள்ளி ஒட்டினேன். மலர்விழிக்காக இன்னும் சற்று உள்ளே தள்ளியே ஒட்டினேன். அவள் துள்ளித் துள்ளிப் பேசுபவள். பிறகு மறுமுனைக்குப் போனேன். அங்கே பட்டையைப் பலகையின்மேல் ஒட்டினேன். முழந்தாளிட்டுத் தளத்தின்மேல் உடம்பை வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி ஒட்டினேன். நேராக இருந்தது.

அழகிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்து, பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். நான் அதனைக் கவனிக்கவில்லை.

அவருடைய சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அதனை மார்பில் மாட்டுவார்கள். அவர் காலரின் பின்புறம் மாட்டுவார். “பின்னால வர்றவன் மோதக் கூடாதில்ல, சைக்கிளுக்கு இருக்குற மாதிரி” என்பார். அணைக்க மறந்துவிடுவார். எத்தனை முறை என் படத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி விழுந்து கெடுத்திருக்கிறது என்று சொல்லி முடியாது. ஒவ்வொரு முறையும் கண்டிப்பேன். அன்று கண்டிக்கவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு சொன்னேன்: “அழகிரி, எனக்கு ஒரு உதவி. அந்த மூலையில போய் நில்லுங்க. வானத்துக்கு ஒரு அளவு வேணும்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் முழுவதும் மலர்ந்தது. இருட்டிலும் அது தெரிந்தது, குரலில் தெரிந்தது.

“பாத்தீங்களா, வாத்தியாரே கடைசியில ஆளுங்களுக்கு வந்துட்டாரு. நான்தான் சொன்னேன்ல. எந்தப் பக்கம் காட்டணும்? எந்தப் பக்கம் அழகா இருப்பேன்?”

“முதுகுப் பக்கம்” என்றேன்.

எல்லாரும் சிரித்தனர். விமலன் என் தோளைத் தட்டினார். குழு தொடங்கிய நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர்கள் அப்படிச் சிரித்தது அதுவே முதல் முறை.

“கேமராவ இங்கயே வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்குறேன். பட்டையத் தொடுற வரைக்கும் போகணும், தள்ளி நின்னா ஆள் தெரியாது” என்றேன்.

“வாத்தியார் ஒட்டுன பட்ட. கண்ண மூடிக்கிட்டே போவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கச்சான் பூத்தே பொட்டலத்தை மலர்விழியிடம் கொடுத்து, “மிச்சம் வை மா, வந்து சாப்புடுறேன்” என்றார்.

சிவப்புப் புள்ளி எங்களை விட்டு நகர்ந்து, திரும்பி, மறுமுனைக்குச் சென்றது. விளிம்புக்குச் சற்று முன்னே நின்றது. நான் விசைக்கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். காற்று எங்கள் முதுகுப்புறத்திலிருந்துதான் வீசியது. ஆனால் மிகவும் மெல்லியது. முதல் சில வாணங்களின் புகை எதிர்பார்த்தபடி விலகவில்லை. அதுபற்றி எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பெரியதொன்று கிளம்பும் ஒலி கேட்டது. அழுத்தினேன். ஷட்டர் திறந்தது.

அழகிரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி கால் விரலால் பட்டையைத் தேடி முன்னே நகர்ந்தார். அவர் ஒரு முறையாவது நான் சொன்னபடி செய்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பலகை சாய்ந்தது. சிவப்புப் புள்ளி சற்று முன்னே சென்று, பிறகு கீழே போயிற்று. வாணம் வெடித்த ஓசையில் வேறு ஓசை கேட்கவில்லை. மற்றவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தனர். நான் கத்தியிருக்கலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். கத்துவதால் என்ன பயன் என்பது ஒருபுறம் இருக்க, ஷட்டர் திறந்திருக்கும்போது பேசலாகாது என்பது குழுவின் விதி. நான் அந்த விதியை ஏற்படுத்தியவன். இன்னும் இரண்டு வாணங்கள் பூத்து, உதிர்ந்து, முற்றிலும் அணைந்த பிறகே விரலை எடுத்தேன்.

வேடிக்கை முடிந்து எல்லாரும் கைதட்டியபோது மலர்விழி, “அழகிரி அண்ணே எங்க? கச்சான் காலியாயிருச்சுன்னு சொல்லணும்” என்று மறுமுனையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை தங்கள் கோப்பில் இருக்கின்றன. பலகையும் அவரோடு, பட்டை ஒட்டிய பக்கம் தரையைப் பார்க்கக் கீழே விழுந்திருந்தது. கட்டுமானக் கழிவுகளிடையே ஒரு பலகையை எவரும் பெரிதாக எண்ணவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே கால் தவறிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். விமலனின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன். செந்தூலில் நடந்த கருமாதிக்குச் சென்றோம். மாதவி அழுதுகொண்டே, “அப்பா எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவாரு அங்கிள். வாத்தியார் இல்லன்னா நான் கேமராவே தொட்டிருக்க மாட்டேன்னு சொல்லுவாரு” என்றாள். ஆமாம் என்றேன். அவர் சொன்னது சரிதான்.

அவருடைய கேமராவை அன்று இரவே நான் பத்திரமாகப் பையில் வைத்து, மறுநாள் மாதவியிடம் ஒப்படைத்திருந்தேன். பிறர் பொருளைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் எடுத்த படத்தை ஒரு மாதம் கழித்தே கணினியில் பார்த்தேன். வலப்புறத்தில் கட்டடத்தின் விளிம்பு. வானத்தில் மூன்று வாணங்கள். அவற்றின் கீழே, விளிம்பில் தொடங்கி, ஒரு சிறு வளைவு வளைந்து, பிறகு நேராகக் கீழே இறங்கும் மெல்லிய சிவப்புக் கோடு. மேலே எல்லாம் எழுந்து பரவும்போது அது ஒன்று மட்டும் தனியே இறங்கியது. கோடு எங்கும் உடையவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய், மீண்டும் எழுந்து வந்து பார்த்தேன். ஒரு நல்ல படத்தை எடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் அப்படித்தான் செய்வார்கள் என்று படித்திருக்கிறேன். நான் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

அச்சிட்டுச் சட்டம் போட்டேன். உஷாராணி இறைச்சி வாங்கப் பாசார்ச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அழகிரியின் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினேன்.

அவள் பைகளைக் கீழே வைக்காமலே சுவரைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எண்ணினேன். அவள் கோபப்படவில்லை. அருகே சென்று நின்றாள்.

“இது அன்னைக்கு எடுத்ததா?”

“ஆமாம்.”

“இந்தச் செவப்புக் கோடு…” என்றாள். விரலால் அதன் வழியே மேலிருந்து கீழே தடவினாள். “இது அண்ணனோட லைட்டுதானே?”

அவள் கண்கள் மேலே சென்றன. ஒவ்வொரு வாணமாகப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினருக்கும் நான் விளக்கியதை அவளும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? கேட்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

“விரல எடுத்தாத்தான் மூடும்னு சொல்லுவீங்களே” என்றாள். “மூணு வாணம் இருக்கு. அவரு விழுந்தாரு. நீங்க பாத்தீங்க. அதுக்கப்பறமும் நீங்க விரல எடுக்கலையா?”

என் கலையை அவள் இவ்வளவு கூர்மையாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்று நான் அறிந்திருக்கவில்லை. மணவாழ்க்கையில் முதல் முறையாக அவள் என் படமொன்றை முழுமையாகப் பார்த்தாள். அந்த மகிழ்ச்சியில் உண்மையையே சொன்னேன். “எடுத்திருந்தா படம் பாதியில நின்னிருக்கும்” என்றேன்.

அவள் படத்தைக் கழற்றிக் கைக்குள் இடுக்கிக்கொண்டு, வந்த செருப்போடே வாசலுக்குப் போய், தங்கள் நிலையத்துக்கு வருவதற்குக் கிரேப் வாடகை வண்டியை அழைத்தாள். இறைச்சிப் பை மேசைமேல் இருந்தது. அதனை நான்தான் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

விரலை எடுக்காதது குற்றம் ஆகாது என்றே நான் எண்ணியிருந்தேன். தாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினீர்கள். நேற்றுத்தான் மாதவி கொண்டுவந்த கேமராவிலிருந்து எடுத்த படத்தை மேசைமேல் வைத்தீர்கள். அழகிரி எடுத்த கடைசிப் படங்களுள் ஒன்று. அந்தி வெளிச்சம். மறுமுனையில் ஒருவர் முழந்தாளிட்டுக் கையை நீட்டிப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் எடுத்ததால் தளம் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது, பலகையின் கீழே எதுவும் இல்லை என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அழகிரி அவற்றைப் பார்த்திருக்கமாட்டார். அவர் முகங்களை மட்டுமே பார்ப்பவர்.

“சார், இது நீங்கதானே?” என்று கேட்டீர்கள். நான் உடனே விடை சொல்லாததற்குக் காரணம் வேறு. என் முகம் அவ்வளவு கனிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்கு விபூதி பூசுபவரைப் போல இருந்தேன்.

ஆம், அது நான்தான். பட்டையை வேண்டுமென்றே பலகையின்மேல் ஒட்டினேன். அவரை அங்கே போய் நிற்கச் சொன்னேன். அவர் விழுவார் என்று எனக்குத் தெரியும்; விழ வேண்டும் என்று விரும்பினேன். கையொப்பமிடுகிறேன்.

பொறாமையா என்று கேட்டீர்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. பொறாமை என்பது தன்னிடம் இல்லாதது பிறரிடம் இருப்பதால் வருவது. என்னிடம் இப்போது படம் இருக்கிறது. சுவரில் அழகிரியின் படத்தை உஷாராணி மீண்டும் மாட்டிவிட்டதாகத் தங்கள் காவலர் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்து நடுநிலையான ஒருவர் பார்த்தால் எது சிறந்தது என்று விளங்கிவிடும். வழக்கு மன்றத்தில் என் படத்தைக் காட்டும்போது கீழ்ப்பகுதியை வெட்டாமல் முழுமையாகக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோட்டினால்தான் அதற்குச் சிறப்பு என்று சிலர் சொல்லக்கூடும். அஃது அப்படியன்று. கோடு இல்லாவிட்டாலும் அது நல்ல படமே. வீட்டில் இருந்தபோது ஒரு முறை அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். படத்தில் மூன்று வாணங்களும் கொஞ்சம் புகையும் மட்டுமே எஞ்சின; வேறு ஒன்றும் தென்படவில்லை. என் கட்டைவிரல் சற்றுப் பெரியது. வேறு எதையோ சேர்த்து மறைத்துவிட்டது போலும்.